பழைய பிராசஸருக்குப் புது கிராபிக்ஸ் கார்டு: வாங்கும் முன்பும் மாட்டும்போதும் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

கருங்கலில் இருந்து ஒரு பையன் கிராபிக்ஸ் கார்டு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் தக்கலைக்கு என்னிடம் வந்தான். "அண்ணே, மாட்டி மட்டும் தாங்க, போதும்" என்றான். கம்ப்யூட்டர் அவன் அப்பாவின் ஆட்டோவில் பின்னாலேயே வந்தது. அவன் மாமாவின் ஆபீஸில் கழித்துவிட்ட நான்காம் தலைமுறை ஐ5. திறந்து பார்த்தால் கார்டு நீளத்துக்குக் கேபினெட்டில் இடம் இல்லை, எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளைப் பெட்டியில் கார்டுக்குக் கரண்டு தரும் எட்டு பின் வயரும் இல்லை. கார்டில் ஒரு குறையும் கிடையாது, ஆனாலும் அன்றைக்கு அது பெட்டியோடு திரும்பிப் போனது.

இதே கதையை ஆள் மாற்றி ஆள் மாற்றிப் பார்த்துவிட்டேன். எல்லோரும் கார்டை முதலில் வாங்கிவிட்டு மற்றதைப் பிறகு யோசிக்கிறார்கள். கார்டு ஏழாவது படியில்தான் வர வேண்டும், அதற்கு முன்னால் ஆறு வேலை இருக்கிறது. அந்த ஆறில் ஐந்துக்குக் காசே செலவில்லை.

இன்டெல் இரண்டாம் தலைமுறை முதல் ஒன்பதாம் தலைமுறை வரை, அல்லது ரைசன் 1000 முதல் 3000 வரிசை வரை வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

கையில் இருக்க வேண்டியவை

ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், டார்ச், அளவு டேப், ஒரு பென் டிரைவ், தெர்மல் பேஸ்ட், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பழைய பெயின்ட் பிரஷ். சாஃப்ட்வேரில் சிபியு-இசட், ஜிபியு-இசட், எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர், டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர். நான்குமே இலவசம். அப்புறம் ஒரு நோட்டும் பேனாவும். போனில் போட்டோ எடுத்து வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். கடையில் நின்று பேசும்போது ஆயிரம் போட்டோவுக்கு நடுவில் அதைத் தேடிக்கொண்டிருப்பீர்கள், எழுதியே வையுங்கள்.

1. இருப்பதை எழுதுங்கள்

சிபியு-இசட்டைத் திறந்து பிராசஸர் மாடல், மதர்போர்டு மாடல், பயாஸ் (ஆன் செய்ததும் போர்டில் முதலில் ஓடும் சாஃப்ட்வேர்) பதிப்பு, ரேம் எத்தனை ஜிபி, அது ஒரு பாதையில் ஓடும் சிங்கிள் சேனலா, இரண்டு பாதையில் ஓடும் டூயல் சேனலா என்று குறித்துக்கொள்ளுங்கள். "ஐ5" என்று மட்டும் எழுதுவதில் பயனே இல்லை. 2011-இன் ஐ5-2400-ம் ஐ5, 2017-இன் ஐ5-8400-ம் ஐ5. முன்னதில் நாலு கோர், பின்னதில் ஆறு.

இரண்டாம், மூன்றாம் தலைமுறை இன்டெல் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். அவற்றில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு கிடையாது. 2013-இல் வந்த நான்காம் தலைமுறையில்தான் அது வந்தது. புதிய கேம்களில் சில இது இல்லாமல் திறக்கவே திறக்காது, எந்தக் கார்டு போட்டாலும் சரி. நீங்கள் விளையாட நினைக்கும் கேமின் குறைந்தபட்சத் தேவையை முதலில் பாருங்கள்.

மானிட்டரையும் எழுதுங்கள்: ரெசல்யூஷன், எத்தனை ஹெர்ட்ஸ், பின்னால் என்ன போர்ட். பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும் இருந்தால் புதுக் கார்டில் அது நேரடியாகச் சேராது. உள்ளே சிப் உள்ள எச்டிஎம்ஐ–விஜிஏ கன்வெர்ட்டர் தனியாக வேண்டும்.

2. பிராசஸரின் உச்சத்தை அளங்கள்

இதைத்தான் யாரும் செய்வதில்லை.

கேமில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும், யார் எங்கே நிற்கிறார், எது மோதுகிறது, எதையெல்லாம் வரைய வேண்டும் என்று பட்டியல் தயார் செய்வது பிராசஸர். அதை வரைவது கார்டு. ரப்பர் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு உடனே புரியும்: ஷீட் அடிக்கிற மெஷினை எவ்வளவு புதுசாக வாங்கிப் போட்டாலும், பால் வெட்டி எடுத்துக்கொண்டு வருகிற அளவுக்குத்தானே ஷீட் கிடைக்கும். உங்கள் பிராசஸர் நொடிக்கு 55 ஃபிரேம்தான் தயார் செய்யும் என்றால் எவ்வளவு விலையுள்ள கார்டும் 55-க்கு மேல் காட்டாது. அந்த எண்ணைக் கார்டு வாங்கும் முன்பே கண்டுபிடிக்கலாம்.

எப்படி? இப்போது இருக்கும் பழைய கார்டிலேயே கேமைத் திறங்கள். ஃபிரேமை மானிட்டர் வேகத்தோடு கட்டிப்போடும் விசிங்க்கையும், ஃபிரேம் லிமிட்டையும் நிறுத்துங்கள். கிராபிக்ஸ் அமைப்புகளைப் புதுக் கார்டில் எப்படி வைத்து ஆட ஆசையோ அப்படியே வைத்துவிட்டு, ரெசல்யூஷனை மட்டும் 1280x720-க்கோ அதற்கும் கீழேயோ இறக்குங்கள். ரெசல்யூஷனைக் குறைத்தால் கார்டின் வேலைதான் குறையும், பிராசஸருக்கு ஒரு ஃபிரேமுக்கான வேலை ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். மொத்த அமைப்பையும் "லோ"வில் போட்டுவிட்டால் கூட்டம், தொலைதூரப் பொருட்கள் எல்லாம் குறைந்து பிராசஸரின் வேலையும் குறைந்துவிடும், அப்போது வருகிற எண் ஏமாற்று எண்.

ஆஃப்டர்பர்னரில் மூன்றைத் திரையில் காட்டச் சொல்லுங்கள்: எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்), கார்டின் பயன்பாட்டு சதவீதம், பிராசஸரின் ஒவ்வொரு திரெட்டின் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை) சதவீதம். பிறகு கேமில் நெரிசலான இடத்துக்குப் போய், ஒரே பாதையில் மூன்று நிமிடம், மூன்று முறை ஓடுங்கள். காலியான மைதானத்தில் நின்று பார்த்து "120 வருது" என்று சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை.

கார்டின் பயன்பாடு 90-க்குக் கீழே இறங்கியிருந்தால் நீங்கள் பார்ப்பது பிராசஸரின் உச்சம். எழுதிக்கொள்ளுங்கள். 720-இலும் கார்டு 97, 98 என்று நின்றால் கார்டுதான் இன்னும் தடுக்கிறது, பிராசஸரின் உச்சம் அந்த எஃப்பிஎஸ்ஸுக்கும் மேலே எங்கோ இருக்கிறது. அதுவும் நல்ல செய்திதான்.

எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. டாஸ்க் மேனேஜரைத் திறந்து "பிராசஸர் 60 சதவீதம்தான் ஓடுது, அப்போ பிராசஸர்ல பிரச்சினை இல்ல" என்பார்கள். அந்த 60 எல்லாக் கோர்களின் சராசரி. கேமின் முக்கிய திரெட் ஒன்று 100-இல் முட்டி நிற்க, மற்றவை அரைகுறையாக ஓடினால் சராசரி 60-தான் காட்டும். அதனால்தான் கார்டின் பயன்பாட்டைப் பார்க்கச் சொல்கிறேன்.

தனிக் கார்டே இல்லாமல் உள்ளமைந்த கிராபிக்ஸில் ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சோதனை சரிவராது, 720-இலும் அந்தக் கிராபிக்ஸ் திணறும். நண்பனிடம் ஒரு கார்டை ஒரு நாள் இரவல் வாங்குங்கள், அவனும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்வான், பரவாயில்லை. நெட்டில் "பாட்டில்நெக் கால்குலேட்டர்" என்று இரண்டு மாடல் பெயரைக் கொடுத்தால் ஒரு சதவீதம் துப்புகிற தளங்கள் இருக்கின்றன. என்ன கேம், என்ன ரெசல்யூஷன் என்று சரியாகத் தெரியாமல் வருகிற அந்த எண்ணை நான் கணக்கில் எடுப்பதே இல்லை.

3. அந்த எண்ணை வைத்து முடிவெடுங்கள்

மானிட்டர் 60 ஹெர்ட்ஸ், பிராசஸரின் உச்சம் 80 என்றால் பிராசஸரைத் தொடவே வேண்டாம். பணம் முழுதும் கார்டுக்குப் போகட்டும். மானிட்டர் 144 ஹெர்ட்ஸ், உச்சம் அதே 80 என்றால், 144 ஓடும் என்று நினைத்து விலைகூடிய கார்டு வாங்காதீர்கள்.

சராசரியோடு "1 சதவீத லோ" என்ற எண்ணையும் பாருங்கள். மிக மெதுவாக வந்த ஃபிரேம்களின் வேகத்தைச் சொல்வது அது. சராசரி 75 காட்டி, 1 சதவீத லோ 25 காட்டினால் கையில் திக்கித் திக்கித்தான் ஓடும். நாலு கோர் நாலு திரெட் பிராசஸர்களில் இதுதான் வழக்கமான நோய்.

உச்சம் 45-இலேயே நின்றுவிட்டதா? முதலில் ரேமைப் பாருங்கள். 8 ஜிபி ஒற்றைக் குச்சியாக இருந்தால் அதே மாதிரி இன்னொன்று போட்டு டூயல் சேனல் ஆக்குவதுதான் குறைந்த செலவு, ரைசன் முதல் இரண்டு தலைமுறைகளுக்கு இதன் பலன் நன்றாகவே தெரியும். அதற்கு அடுத்தது, அதே சாக்கெட்டில் உட்காரும் பெரிய பிராசஸர். நான்காம் தலைமுறை ஐ5 என்றால் பழைய சந்தையில் ஐ7-4770 அல்லது ஜியான் இ3-1231 வி3 தேடலாம், இரண்டிலும் எட்டு திரெட். ஜியானில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது, கார்டு பழுதானால் திரையே வராது. பி450 போர்டில் ரைசன் 2600 வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பயாஸை அப்டேட் செய்தால் ரைசன் 5600 அதே போர்டில் உட்காரும்.

4. ஸ்லாட்டின் தலைமுறையும் லேனும்

புது பிசிஐ எக்ஸ்பிரஸ் (சுருக்கமாகப் பிசிஐஇ) கார்டு பழைய ஸ்லாட்டில் மாட்டும், ஓடும். எந்த வேகத்தில் ஓடும் என்பதுதான் கேள்வி.

இரண்டாம் தலைமுறை இன்டெல்லில் பிசிஐஇ 2.0. மூன்றாம் தலைமுறை ஐ5, ஐ7-இல், போர்டும் ஒத்துழைத்தால், 3.0. அதன்பின் ஒன்பதாம் தலைமுறை வரைக்கும் 3.0-தான். ரைசன் 1000, 2000 வரிசைகளும் 3.0.

3.0-இல் 16 லேன் (தரவு போகும் பாதைகள்) சேர்ந்து நொடிக்கு ஏறக்குறைய 16 ஜிபி கடத்தும், 8 லேன் என்றால் 8 ஜிபி, 4 லேன் என்றால் 4 ஜிபி. 2.0-இல் எல்லாமே அதில் பாதி. இப்போது கார்டுகளைப் பாருங்கள். நடுத்தர விலைக் கார்டுகள் பல, ஸ்லாட் நீளம் முழுதாக இருந்தாலும், 8 லேன்தான் பயன்படுத்துகின்றன: ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்டிஎக்ஸ் 5060 எல்லாமே அப்படி. ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டிலும் 4 லேன் மட்டும். புது 4.0 ஸ்லாட்டில் அந்த 4 லேன் 8 ஜிபி கடத்தும், உங்கள் 3.0-இல் 4 ஜிபி, இரண்டாம் தலைமுறை ஐ5-இன் 2.0-இல் வெறும் 2 ஜிபி.

கார்டின் மெமரிக்குள்ளேயே எல்லாம் அடங்கிவிட்டால் இந்தக் குறுகல் அவ்வளவாக உறைக்காது. மெமரி நிரம்பி, டெக்ஸ்சர்கள் ரேமுக்கும் கார்டுக்கும் போய்வரத் தொடங்கினால்தான் உறைக்கும், அப்போது படம் திக்கும். 6500 எக்ஸ்டியில் 4 ஜிபி மெமரியும் 4 லேனும் சேர்ந்து வருவதால் பழைய போர்டில் அது இரட்டை அடி. அதோடு அதில் வீடியோ என்கோடரும் இல்லை, ஆட்டத்தை ரெக்கார்ட் செய்ய நினைத்தால் அந்தச் சுமையும் ஏற்கனவே திணறும் பிராசஸர் தலையில்தான் விழும். பழைய போர்டுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளிது: 8 லேனுக்குக் குறையாமல், 8 ஜிபி மெமரிக்குக் குறையாமல். ஆபீஸ் பெட்டிக்காக மட்டும் ஒரு விலக்கு உண்டு, அது ஏழாம் படியில்.

போர்டில் நீளமான ஸ்லாட் இரண்டு இருந்தால் பிராசஸருக்குப் பக்கத்தில் உள்ளதில்தான் கார்டு போக வேண்டும். கீழே உள்ளதில் பெரும்பாலும் 4 லேன்தான் இணைத்திருப்பார்கள், நீளத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

5. எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ், எர்த்

எஸ்எம்பிஎஸ் மேல் பெரிதாக "500" என்று இருப்பதை நம்ப வேண்டாம். பக்கத்து ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றால் 12 x 16 = 192 வாட். கார்டும் பிராசஸரும் இந்த 12 வோல்ட்டில் இருந்துதான் சாப்பிடுகின்றன, மேலே எழுதியிருக்கும் 500-இல் இருந்து இல்லை. கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம், மாற்றிவிடுங்கள். காசு செலவாகும் படி இது ஒன்றுதான், இதில் கஞ்சத்தனம் பார்த்தால் போவது எஸ்எம்பிஎஸ் மட்டுமாக இருக்காது.

கூட்டிப் பார்ப்போம். ஐ5-4590 பிராசஸர் 84 வாட், ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட், போர்டு, ரேம், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 60. மொத்தம் 280-க்குள். ஏஎம்டியே அந்தக் கார்டுக்கு 450 வாட் எஸ்எம்பிஎஸ் கேட்கிறது, நொடிப்பொழுதில் வரும் துள்ளல்களுக்கும் இடம் வேண்டும் இல்லையா.

ஸ்லாட்டில் இருந்து 75 வாட், ஆறு பின் வயரில் 75, எட்டு பின் வயரில் 150. கார்டு கேட்கும் வயர் எஸ்எம்பிஎஸ்ஸிலேயே இருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் வயரில் இருந்து எட்டு பின்னுக்கு மாற்றித் தரும் கன்வெர்ட்டர் கடையில் கிடைக்கும், வாங்காதீர்கள், அந்த மெல்லிய வயரும் பின்னும் சூடாகி உருகுவதைப் பார்த்திருக்கிறேன். கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ் என்றால் இன்னொரு மாடலின் வயரை எடுத்து இதில் சொருகக் கூடாது. சாக்கெட் ஒன்றாகத் தெரிந்தாலும் பின் வரிசை மாறியிருக்கும்.

நம் ஊரில் யுபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டர் அபூர்வம். ஆனிச் சாரலிலும் கரண்டு போகும், ஐப்பசி இடியிலும் போகும். வீட்டில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், பேட்டரி பழசாகியிருந்தால் அதுவும் இல்லை. இத்தனை நாளும் 100 வாட்டில் ஓடிய கம்ப்யூட்டர் கேம் நேரத்தில் 280-ம் மானிட்டருமாகக் கேட்கும்போது, கரண்டு போன நொடியில் யுபிஎஸ்ஸும் சேர்ந்து கும்பிடு போட்டுவிடும். அப்புறம் "புதுக் கார்டு போட்டதுல இருந்து சிஸ்டம் ஆஃப் ஆகுது" என்று கார்டின் மேல் பழி.

கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்கிறதா? பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

6. டேப் பிடித்து அளங்கள்

கேபினெட்டின் பின்பக்கத் தகட்டில் இருந்து முன்னால் முதலில் இடிக்கும் பொருள் வரை நீளம். ஹார்ட் டிஸ்க் கூண்டுதான் பெரும்பாலும் இடிக்கும். பக்கக் கதவு வரை அகலம், அதில் பவர் வயர் வளைய மூன்று நான்கு சென்டிமீட்டர் விடுங்கள். கார்டு எத்தனை ஸ்லாட் கனம் என்பதும் முக்கியம், கீழே உள்ள, ஹார்ட் டிஸ்க் வயர் சொருகும் சாட்டா போர்ட்டுகளை மூடிவிடும்.

7. இப்போது கார்டைத் தேர்ந்தெடுங்கள்

கையில் ஆறு எண்கள் இருக்கின்றன, இனி கடைக்காரர் என்ன சொன்னாலும் குழம்ப மாட்டீர்கள்.

ஆபீஸ் பெட்டி, எஸ்எம்பிஎஸ் மாற்ற முடியாது என்றால் (பெரிய கம்பெனிகளின் ஆபீஸ் மாடல்கள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ் வடிவமும் பின்னும் தனி ரகம்) ஸ்லாட் கரண்டிலேயே ஓடும் கார்டுதான் வழி. 2024-இல் வந்த 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050-க்கு 70 வாட் போதும், பெரும்பாலான மாடல்களுக்குத் தனி வயர் வேண்டாம். குட்டைக் கேபினெட்டுக்கு ஏற்ற உயரம் குறைந்த மாடலும் உண்டு. பெயரில் 3050 என்றே இருக்கும் 8 ஜிபி கார்டு வேறு, அது 130 வாட், வயர் கேட்கும்.

நல்ல எஸ்எம்பிஎஸ்ஸோடு நான்காம் தலைமுறை ஐ7, ஆறாம், ஏழாம் தலைமுறை ஐ5 வைத்திருப்பவர்களுக்கு ஆர்எக்ஸ் 6600 அளவோடு நிறுத்திக்கொள்வேன். டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் என்விடியாவின் டிரைவர் ஏஎம்டி டிரைவரைவிடப் பிராசஸரைக் கூடுதலாகத் தின்னும், பிராசஸர் திணறும் இடத்தில் அந்த வித்தியாசம் தெரியும். ஆறு கோர், எட்டு கோர் உள்ளவர்கள் ஆர்டிஎக்ஸ் 4060-க்குத் தாராளமாகப் போகலாம், 115 வாட்தான்.

இன்டெல் ஆர்க் கார்டுகள் பழைய பிராசஸருக்கு வேண்டாம். பி580 12 ஜிபியோடு ஆசை காட்டும். ஆனால் அது, கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே வீச்சில் எட்ட விடும் ரீசைசபிள் பார் என்ற வசதி இருந்தால்தான் ஒழுங்காக ஓடும், பத்தாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசஸர்களை இன்டெல்லே ஆதரவுப் பட்டியலில் வைக்கவில்லை.

கடையில் பில்லும், பெட்டியில் உள்ள சீரியல் எண் கார்டில் உள்ளதோடு ஒத்துப்போவதும் வேண்டும். நாகர்கோவிலில் கிடைக்காமல் திருவனந்தபுரத்திலோ சென்னை ரிச்சி தெருவிலோ வாங்கினால், சேரவில்லை என்றால் திருப்பி எடுப்பார்களா என்று பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். பழைய கார்டு வாங்கினால் விற்பவர் வீட்டிலேயே பதினைந்து நிமிடம் கேம் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள், டெஸ்க்டாப் வந்ததைப் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள்.

8. கார்டு மாட்டும் முன் பயாஸ்

பழைய கார்டு வேலை செய்துகொண்டிருக்கும்போதே இதை முடிக்க வேண்டும். புதுக் கார்டை மாட்டித் திரை வரவில்லை என்றால் பயாஸுக்குள் எப்படிப் போவீர்கள்?

புதிய கார்டுகள் யுஇஎஃப்ஐ என்ற புது பூட் முறையை எதிர்பார்த்து வருகின்றன. பழைய போர்டுகள் பல, சிஎஸ்எம் என்ற பழைய முறையில் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒத்துப்போகாமல் ஃபேன் சுற்றும், திரை கருப்பாகவே நிற்கும். 2025-இல் ஆர்டிஎக்ஸ் 5060 வந்தபோது சில போர்டுகளில் ரீபூட் செய்தால் திரை வராமல் போய், என்விடியாவே அதற்கு ஒரு ஃபர்ம்வேர் அப்டேட் கருவி வெளியிட்டது.

வரிசை இது. முக்கிய ஃபைல்களை வேறு டிஸ்க்கில் நகல் எடுங்கள். விண்டோஸ் டிஸ்க் எம்பிஆரா (பழைய பிரிப்பு முறை) ஜிபிடியா (யுஇஎஃப்ஐ கேட்கும் புது முறை) என்று டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பாருங்கள். எம்பிஆர் என்றால் விண்டோஸோடு வரும் எம்பிஆர்-டு-ஜிபிடி கருவியால் மாற்றுங்கள். போர்டுக் கம்பெனியின் தளத்தில் அதே மாடல், அதே ரிவிஷனுக்கான கடைசி பயாஸை எடுத்துப் பென் டிரைவ் மூலம் ஏற்றுங்கள். பிறகுதான் சிஎஸ்எம்மை நிறுத்த வேண்டும். டிஸ்க்கை மாற்றாமல் முதலிலேயே நிறுத்திவிட்டால் விண்டோஸ் திறக்காது, பாதிப் பேர் இங்கே பயந்துபோய் எல்லாவற்றையும் அழித்து மறுபடி விண்டோஸ் போடுகிறார்கள்.

பயாஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்டு போனால் போர்டே போய்விடக்கூடும். மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வருகிற நேரத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். காலை வேளையில், யுபிஎஸ் முழு சார்ஜில் இருக்கும்போது செய்யுங்கள்.

9. பழைய டிரைவரும் பழைய அழுக்கும்

ஏஎம்டியில் இருந்து என்விடியாவுக்கோ, மறுபக்கமோ மாறினால் பழைய டிரைவரை முழுதாக நீக்குங்கள். புது டிரைவரை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு, நெட்டைத் துண்டித்து, சேஃப் மோடில் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலரை ஓட்டி, ஷட்டவுன் செய்யுங்கள். நெட்டை விட்டுவைத்தால் விண்டோஸ் நடுவில் புகுந்து தனக்குத் தோன்றிய டிரைவரைப் போட்டுவிடும். ஒரே கம்பெனிக் கார்டு என்றால் இவ்வளவு தேவையில்லை, புது டிரைவர் போடும்போது கிளீன் இன்ஸ்டால் கொடுத்தால் போதும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது, ஏழாம் தலைமுறை வரையிலான இன்டெல் பிராசஸர்கள் பெரும்பாலும் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கான விண்டோஸ் 10 டிரைவரை 2026 அக்டோபர் வரை தருவதாக என்விடியா சொல்லியிருக்கிறது. இதையும் மனதில் வையுங்கள்.

பிராசஸர் ஃபேனைக் கழற்றிப் பழைய பேஸ்டைத் துடைத்துப் புதுசு தடவுங்கள். கார்டு மாற்றப் பிராசஸரை ஏன் தொட வேண்டும் என்றால், இதுவரை கார்டுக்காகக் காத்திருந்த பிராசஸர் இனிமேல் முழு மூச்சில் ஓடப்போகிறது. எட்டு வருடம் காய்ந்த பேஸ்ட்டோடு ஓடினால் சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குளச்சல், முட்டம், மணக்குடி மாதிரிக் கடலோர வீடுகளில் இருந்து வரும் கம்ப்யூட்டர்களில் ரேம் காலிலும் கார்டு காலிலும் உப்புக்காற்றின் பூச்சு இருக்கும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் தட்டி, ஐசோபுரொப்பைலால் துடையுங்கள்.

10. மாட்டுவது

சுவிட்சை அணைத்து, வயரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சக் கரண்டை வடியவிடுங்கள். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்குங்கள். பழைய கார்டின் ஸ்லாட் கொக்கியைத் தள்ளிவிட்டுத்தான் இழுக்க வேண்டும், கொக்கியோடு பிடுங்கி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். புதுசை இரண்டு பக்கமும் சமமாக அழுத்தினால் "டிக்" என்று கொக்கி விழும், ஸ்க்ரூவைப் போட்டுவிட்டு, எட்டு பின் வயரைக் கடைசி வரை சொருகுங்கள். நீளமான கார்டு தொங்கினால் அடியில் ஒரு முட்டுக் கொடுங்கள்.

11. திரை வரவில்லையா

முதலில் மானிட்டர் வயரைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐயில் சொருகியிருப்பீர்கள், கார்டில் சொருக வேண்டும். சிரிக்காதீர்கள், மார்த்தாண்டத்தில் இருந்து ஒருவர் இரவு பதினோரு மணிக்குப் போன் செய்து "கார்டு செத்துப்போச்சு மக்கா" என்று அழாத குறையாகச் சொன்னார், அவருக்கு இதுதான்.

அடுத்து எட்டு பின் வயர். அதற்கடுத்து கார்டைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள். உள்ளமைந்த கிராபிக்ஸ் இருந்தால் அதில் திரையைக் கொண்டுவந்து, பயாஸில் முதன்மைத் திரையைப் பிசிஐஇ-க்கு மாற்றுங்கள். இதற்குப் பிறகும் வரவில்லை என்றால் கார்டை நண்பனின் புதிய கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். அங்கே வந்தால் கார்டு நல்லது, எட்டாம் படியில் எதையோ விட்டிருக்கிறீர்கள்.

திரை வந்ததும் டிரைவர் போட்டுவிட்டு ஜிபியு-இசட்டைத் திறங்கள். "பஸ் இன்டர்ஃபேஸ்" கட்டத்தில் 1.1 என்று பார்த்துப் பதற வேண்டாம். சும்மா இருக்கும்போது கார்டு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தி ஒரு சோதனை ஓடவிட்டால் உண்மை தெரியும். 3.0 போர்டில் அப்போதும் 2.0 காட்டினால் ஸ்லாட்டை மறுபடி துடையுங்கள், பயாஸில் அந்த ஸ்லாட்டின் தலைமுறை அமைப்பையும் பாருங்கள்.

12. மறுபடி அளந்து, அமைப்புகளைச் சரிசெய்யுங்கள்

இரண்டாம் படியில் ஓடிய அதே பாதையில், இந்தமுறை மானிட்டரின் முழு ரெசல்யூஷனில் ஓடுங்கள். அங்கே எழுதிய உச்சத்துக்குப் பக்கத்தில் வந்தால் எல்லாம் சரி. வெகு கீழே இருந்து, கார்டும் 98-இல் நின்றால் கார்டு தடுக்கிறது, கேம் அமைப்பைக் குறைக்கலாம். கார்டு 60, 70-இல் சும்மா இருக்கிறது, எஃப்பிஎஸ்ஸும் ஏறவில்லை என்றால் பிராசஸர் பக்கம்.

அப்படிப்பட்ட நேரத்தில் கேமை மொத்தமாக "லோ"வில் போடுவது பழக்கதோஷம். டெக்ஸ்சர், ஆன்ட்டி-அலியாசிங், ரெசல்யூஷன் எல்லாம் கார்டின் வேலை. அவற்றை ஏற்றினாலும் எஃப்பிஎஸ் குறையாது, கார்டு சும்மாதானே இருக்கிறது. குறைக்க வேண்டியது கூட்டத்தின் அடர்த்தி, பார்வைத் தொலைவு, இயற்பியல் விளைவுகள், பிறகு ஒளியின் பாதையைக் கணக்கிடும் ரே டிரேசிங். ரே டிரேசிங் கார்டை மட்டும்தான் வதைக்கும் என்று நினைக்கிறார்கள், பிராசஸருக்கும் அது நல்ல சுமை. குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் அப்ஸ்கேலிங்கும் இங்கே உதவாது, அவை கார்டின் வேலையைத்தான் குறைக்கின்றன. நடுநடுவே கார்டே படங்களைச் செருகும் ஃபிரேம் ஜெனரேஷன் திரையில் எண்ணைக் கூட்டும். ஆனால் அடிப்படை எஃப்பிஎஸ் 35 என்றால் மவுஸில் உணர்வதும் அந்த 35-தான், சண்டை கேம்களில் எனக்கு அது பிடிப்பதில்லை.

கடைசியாக ஃபிரேம் லிமிட். நெரிசலான இடத்தில் 62-க்கும் 80-க்கும் இடையே ஊசலாடினால் 60-இல் கட்டிப்போடுங்கள். பிராசஸருக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்து, திக்கல் வெகுவாகக் குறையும், சூடும் குறையும். சித்திரை வெயிலில் மாடி அறையில் விளையாடுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். பக்கக் கதவைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், கார்டின் சூடு பளிச்சென்று இறங்கினால் கேபினெட்டில் காற்றோட்டம் போதவில்லை, முன்னால் ஒரு ஃபேன் போடுங்கள்.

பழைய கார்டை அன்றைக்கே விற்றுவிடாதீர்கள். இரண்டு வாரமாவது அலமாரியில் இருக்கட்டும், கார்டு பெட்டியும் பில்லும் கூடவே. புதுசில் ஏதாவது கோளாறு என்று திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தால், அதுவரை கம்ப்யூட்டரை ஓட்ட அதுதான் வேண்டும்.